சைக்கிளில் பள்ளிக்கூடம்: ஜொகூர் பெற்றோர் போட வேண்டிய கணக்கு

மிதிவண்டி உடலுக்கு நல்லதா, ஊருக்கு நல்லதா என்று கேட்டால் அரங்கத்தில் இருக்கும் எல்லாரும் தலையாட்டுவார்கள். "அப்படியானால் நாளைக் காலை உங்கள் பிள்ளையை அதில் பள்ளிக்கு அழைத்துப் போவீர்களா?" என்று அடுத்த கேள்வியைப் போட்டால், ஆடிய தலைகள் அப்படியே நின்றுவிடும். சுற்றுச்சூழலைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் குடிமக்கள். பிள்ளையைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் பெற்றோர்கள். இந்த இரண்டு கடமைகளும் ஒரே சாலையில் மோதிக்கொள்ளும் இடம்தான் ஜொகூர் பாரு போன்ற நகரம்.

காரை விட்டுவிட்டு மிதிவண்டியில் வேலைக்குப் போகும் தந்தையோ தாயோ இன்று நம் தாமான்களில் அரிது. அப்படி ஒருவர் பிள்ளையையும் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு புறப்பட்டால், "காற்றைச் சுத்தமாக்கப் போகிறேன் என்று பிள்ளையைப் பலிகொடுக்கப் போகிறாயா?" என்று பக்கத்து வீட்டார் கேட்கத் தயங்க மாட்டார்கள். அந்தக் கேள்வியைக் கேலியாகத் தள்ளிவிட முடியாது. அதற்குப் பொறுப்பான பதில் வேண்டும்.

தோட்டத்துச் சைக்கிள்

ஜொகூர் தமிழர்களுக்கு மிதிவண்டி புதிய பொருளல்ல. ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்த தலைமுறைக்கு அதுதான் குடும்ப வாகனம். முன் கம்பியில் சின்னவன், பின் கேரியரில் பெரியவள், கைப்பிடியில் தொங்கும் சாமான் பை என்று ஒரு குடும்பமே இரண்டு சக்கரத்தில் செம்மண் சாலையைக் கடந்தது. பால்காரரும் ரொட்டிக்காரரும் லயன் வீடுகளுக்கு மணியடித்து வந்தது மிதிவண்டியில்தான்.

இந்த மண்ணில் மிதிவண்டிக்கு வேறொரு வரலாறும் உண்டு. 1941 டிசம்பர் 8ஆம் தேதி கோத்தா பாருவில் கரையிறங்கிய ஜப்பானியப் படை, ஆயிரக்கணக்கான மிதிவண்டிகளில் ஏறித் தீபகற்பத்தின் சாலைகள் வழியே தெற்கே விரைந்தது. டயர் வெடித்தபோது வெறும் இரும்பு வளையத்திலேயே மிதித்துப் போனார்கள். 1942 ஜனவரி 31ஆம் தேதி பிரிட்டிஷ் படைகள் ஜொகூர் பாலத்தின் ஒரு பகுதியைத் தகர்த்துவிட்டுச் சிங்கப்பூருக்குப் பின்வாங்கின. எரிபொருள் இல்லாமல் இவ்வளவு தூரம் போகக்கூடிய எளிய கருவி இது என்பதை மலாயா அப்போதே கண்டுவிட்டது.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. மக்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தார்கள். 1985ஆம் ஆண்டு புரோட்டோன் சாகா வந்தது. சொந்தக் கார் என்பது முன்னேற்றத்தின் அடையாளமானது. 2014ஆம் ஆண்டு நீல்சன் நிறுவனம் வெளியிட்ட ஆய்வின்படி மலேசியக் குடும்பங்களில் 93 விழுக்காட்டினரிடம் கார் இருந்தது. அந்தக் கார்களுக்காகவே சாலைகள் அகலமாயின. அகலமான சாலையில் மிதிவண்டிக்கு மட்டும் இடம் இல்லாமல் போயிற்று.

நெஞ்சில் ஆறாத நாள்

ஜொகூர் பாருவில் மிதிவண்டி என்றதும் பெற்றோர் நெஞ்சு பதைக்கக் காரணம் உண்டு. 2017 பிப்ரவரி 18ஆம் தேதி, விடியற்காலை மூன்று மணிக்குப் பிறகு, ஜாலான் லிங்காரான் டாலாமில் மிதிவண்டிகளில் கூட்டமாகச் சென்ற சிறுவர்கள் மீது ஒரு கார் மோதியது. எட்டுப் பேர் மாண்டனர். கார் ஓட்டிய பெண் மீதான வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அவருக்கு ஆறாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. 2023 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. நாடே இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடியது.

அன்று அந்தச் சிறுவர்கள் ஓட்டியவை 'பாசிக்கல் லாஜாக்' எனப்படும் மாற்றியமைக்கப்பட்ட மிதிவண்டிகள். கைப்பிடியைத் தாழ்த்தி, பிரேக்கைக் கழற்றி, வயிற்றில் படுத்தபடி இறக்கத்தில் பாயும் வண்டிகள் அவை. விளக்கும் பிரேக்கும் உள்ள ஒழுங்கான வண்டியில் பகலில் பள்ளிக்குப் போவதும் இதுவும் ஒன்றல்ல. ஆனாலும் அந்தச் செய்தி பெற்றோர் மனத்தில் விட்டுச் சென்ற பாடம் ஒன்றுதான்: "சைக்கிள் வேண்டாம்." பல வீடுகளில் பிள்ளைகளின் மிதிவண்டி அன்றோடு துருப்பிடிக்கத் தொடங்கியது.

எதை வேண்டாம் என்று சொல்வது என்பதில்தான் தெளிவு தேவை. பிரேக் இல்லாத வண்டி வேண்டாம். நள்ளிரவு நெடுஞ்சாலை வேண்டாம். கண்காணிப்பு இல்லாத கூட்டம் வேண்டாம். இவற்றோடு சேர்த்து மிதிவண்டியையே வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டால், பாதுகாப்பாக ஓட்டக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பையும் பிள்ளை இழந்துவிடுகிறது.

காகிதத்தில் ஒரு கணக்கு

தம்போயிலோ ஸ்கூடாயிலோ ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வீட்டிலிருந்து பள்ளி 2 கிலோமீட்டர். பள்ளியிலிருந்து வேலையிடம் இன்னும் 3 கிலோமீட்டர். போக 5, வர 5, ஆக நாளொன்றுக்கு 10 கிலோமீட்டர். நகர நெரிசலில் ஒரு லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடும் கார் என்றால் தினமும் ஒரு லிட்டர் பெட்ரோல். ஆண்டுக்கு 240 வேலை நாள் என்றால் 240 லிட்டர்.

2025 செப்டம்பர் இறுதியில் நடப்புக்கு வந்த 1 வெள்ளி 99 காசு மானிய விலையில் இது 478 வெள்ளி. பெட்ரோல் மலிவாக இருப்பதால் இந்தத் தொகை பலரையும் அசைக்காது. ஆனால் ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமிலவாயு வெளியாகிறது. 240 லிட்டருக்கு 550 கிலோவுக்கு மேல். ஒரு சராசரி மனிதரின் எடையைப் போல எட்டு மடங்கு. ஐந்து கிலோமீட்டர் தூரப் பயணத்துக்கு மட்டும் இவ்வளவு.

குறுகிய தூரத்துக்குக் காரை எடுப்பதில் இன்னொரு கேடும் உண்டு. இயந்திரம் சூடேறும் முன்னரே பயணம் முடிந்துவிடுகிறது. புகையைச் சுத்திகரிக்கும் கருவி சூடேறிய பிறகுதான் முழுமையாக வேலை செய்யும். ஆகவே ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அதிக நச்சுப் புகை வருவது இத்தகைய சின்னப் பயணங்களில்தான். அந்தப் புகை எங்கே வெளியாகிறது? பள்ளி வாசலில், இயந்திரத்தை நிறுத்தாமல் வரிசையில் காத்திருக்கும் கார்களுக்கு நடுவே, புகைக்குழாயின் உயரத்துக்குச் சற்றே மேலே மூச்சு விடும் பிள்ளைகளின் முகத்தில்.

நேரக் கணக்கையும் பார்க்கலாம். பிள்ளையை வைத்துக்கொண்டு மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் நிதானமாக மிதித்தால் ஐந்து கிலோமீட்டருக்கு 25 நிமிடம். போக வர 50 நிமிடம். வாரத்துக்கு ஐந்து நாளில் 250 நிமிடம். பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வேலைக்குப் போய் வருவதிலேயே அது நிறைவேறிவிடுகிறது. தனியாக உடற்பயிற்சி நிலையத்துக்குச் சந்தா கட்ட வேண்டியதில்லை.

இந்தியச் சமூகத்துக்கு இது சாதாரண விஷயமல்ல. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரிய வந்தது. இந்தியர்களிடையே அந்த விகிதம் மற்ற இனத்தவரைவிடக் கூடுதல். சர்க்கரை வியாதியால் காலை இழந்த உறவினர் ஒருவரேனும் இல்லாத குடும்பம் நம்மில் குறைவு. பிள்ளைக்கு விபத்து நேருமோ என்று பயப்படும் அதே பெற்றோர், உட்கார்ந்தே வளரும் பிள்ளைக்கு நாற்பது வயதில் என்ன நேரும் என்றும் யோசிக்க வேண்டும். இரண்டுமே ஆபத்துதான். ஒன்று சத்தமாக வருகிறது. மற்றது சத்தமில்லாமல் வருகிறது.

காற்றும் நீரும் தந்த எச்சரிக்கை

சுற்றுச்சூழல் என்பது எங்கோ பனிமலை உருகும் கதை என்று ஜொகூர்வாசிகள் சொல்ல முடியாது. 2013 ஜூன் 23ஆம் தேதி மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746ஐத் தொட்டது. 300ஐத் தாண்டினாலே அபாயம் என்பது கணக்கு. மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறலுக்கும் வாந்திக்கும் சிகிச்சை பெற்றனர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் சிகாமட்டையும் கோத்தா திங்கியையும் மூழ்கடித்த வெள்ளம் பலருக்கு மறந்திருக்காது. 2023 மார்ச்சிலும் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஜொகூர் மக்கள் துயர்துடைப்பு மையங்களில் தங்க நேர்ந்தது.

ஒரு தந்தை சைக்கிள் மிதிப்பதால் வெள்ளம் நின்றுவிடாது. காட்டைக் கொளுத்தி வரும் புகைமூட்டத்துக்கும் ஆற்றில் கொட்டும் கழிவுக்கும் வேறு காரணங்கள் உண்டு. அவற்றைத் தடுக்கச் சட்டமும் அமலாக்கமும் வேண்டும். ஆனால் காற்றும் நீரும் பொதுச் சொத்து என்ற உணர்வு பிள்ளைக்கு எங்கிருந்து வரும்? பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் படிப்பதைவிட, தினமும் அந்தக் காற்றில் மூச்சுவிட்டு மிதிக்கும் பெற்றோரைப் பார்க்கும் பிள்ளைக்கு அது எளிதில் புரியும்.

இங்கே ஒரு நிபந்தனையும் உண்டு. புகைமூட்ட நாளில் மிதிவண்டியை எடுப்பது வீரமல்ல. குறியீடு 100ஐத் தாண்டினால் பள்ளிகளில் வெளிப்புற நடவடிக்கைகள் நிறுத்தப்படுகின்றன. மிதிப்பவர் சும்மா இருப்பவரைவிட அதிகக் காற்றை உள்ளிழுக்கிறார். அன்றைக்குப் பேருந்தோ காரோதான் சரி.

இருட்டில் தொடங்கும் காலை

பாதுகாப்பை மொத்தமாகப் பேசினால் பயன் இல்லை. ஜொகூர்ச் சாலையில் ஆபத்து எங்கெங்கே இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, வெளிச்சம். 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரை மணி நேரம் முன்தள்ளியது. அதனால் ஜொகூர் பாருவில் சூரியன் உதிப்பது ஏறக்குறைய ஏழு மணி. காலைப் பள்ளிக்குப் புறப்படும் பிள்ளை பெரும்பாலும் இருட்டில்தான் கிளம்புகிறது. முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை ஆகியவை ஆடம்பரமல்ல. அவை இல்லாமல் வாசலைத் தாண்டக்கூடாது.

இரண்டாவது, சாலையின் இடது ஓரம். மற்ற நாட்டுப் புத்தகங்கள் "ஓரமாகப் போ" என்று சொல்லிவிடும். நம் நாட்டில் அதே ஓரத்தில்தான் மோட்டார் சைக்கிள்கள் பாய்கின்றன. 2019ஆம் ஆண்டு மலேசியச் சாலைகளில் மாண்ட 6,167 பேரில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். ஆகவே பெரிய சாலையைத் தவிர்த்து, கொஞ்சம் சுற்றினாலும் தாமான் உள்சாலைகளைத் தேர்ந்தெடுப்பதே அறிவு. இரண்டு கிலோமீட்டர் மூன்றானால் ஐந்து நிமிடம்தான் கூடும்.

மூன்றாவது, லோரி. பாசிர் கூடாங்கிலும் தஞ்சோங் பெலெப்பாஸிலும் துறைமுகங்கள் இருப்பதால் கனரக லோரிகள் இங்கு அதிகம். லோரியின் இடப்பக்கம் ஓட்டுநருக்குத் தெரியாத மறைவிடம். சமிக்ஞை விளக்கில் நிற்கும் லோரியின் இடப்பக்கம் நுழைந்து முன்னேறுவதைப்போல ஆபத்தான செயல் வேறில்லை. லோரிக்குப் பின்னாலேயே நின்றுவிட வேண்டும்.

நான்காவது, கால்வாய் மூடிகளும் மழையும். சக்கரம் உருளும் திசையிலேயே நீள இடைவெளி உள்ள இரும்புக் கம்பி மூடியில் முன்சக்கரம் சிக்கினால் தலைகுப்புறத்தான். மழையில் சாலைக்கோடுகளும் இரும்பு மூடிகளும் வழுக்கும், பிரேக் பிடிக்கத் தாமதமாகும். பிற்பகல் இடிமழையில் மிதிப்பதைவிட, ஒட்டுக்கடையில் ஒதுங்கி ஒரு தேத்தண்ணி குடிப்பதே மேல்.

ஐந்தாவது, வயது. கைக்குழந்தையை மிதிவண்டி இருக்கையில் வைக்கக்கூடாது. ஒரு வயது கடந்து, தலைக்கவசத்தின் எடையைத் தாங்கிக் கழுத்து நிற்க வேண்டும். பிறகு முறையான இருக்கையும் வாரும், சக்கரக் கம்பிக்குள் கால் போகாத தடுப்பும் தேவை. அந்தக் காலத்தில் கேரியரில் பழைய துணியை மடித்து உட்கார வைத்த பிள்ளைகளில் எத்தனை பேரின் குதிகால் கம்பியில் சிக்கியது என்பது பாட்டிமார்களுக்குத் தெரியும். தானாக ஓட்டும் பிள்ளையானாலும், எதிரே வரும் வாகனத்தின் வேகத்தையும் தூரத்தையும் சரியாக எடைபோடும் திறன் பத்து வயது வரையிலும் முழுமையாக வளர்வதில்லை. அதுவரை பெரியவர் துணையின்றிச் சாலைக்கு அனுப்பக்கூடாது.

பழக்குவதற்கும் நாள் இருக்கிறது. 2014 முதல் வெள்ளி, சனி என்றிருந்த ஜொகூர் வார விடுமுறை, 2025 ஜனவரி 1 முதல் மீண்டும் சனி, ஞாயிறு ஆகிவிட்டது. பள்ளிச் சாலையில் நெரிசல் இல்லாத ஞாயிறு காலையில், போகப்போகும் அதே வழியில் நாலைந்து முறை போய் வந்தால், எந்த முனையில் நாய், எந்த முனையில் பள்ளம் என்பது பிள்ளைக்கு மனப்பாடமாகிவிடும்.

மானப் பிரச்சினை

இவ்வளவையும் ஒப்புக்கொண்டவர்கள் கடைசியில் மெல்லச் சொல்லும் காரணம் ஒன்று உண்டு: "கார் இல்லாதவன் என்று நினைப்பார்களே!" தோட்டத்து வறுமையிலிருந்து முன்னேறி வந்த சமூகத்துக்கு மிதிவண்டி பழைய வடுவை நினைவூட்டுகிறது. இதைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் அதே மிதிவண்டியில் அஸிஸுல்ஹஸ்னி அவாங் 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலமும், 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளியும் வென்றபோது கைதட்டியவர்களும் நாம்தான். திடலில் பெருமையாகத் தெரியும் வண்டி, தாமானில் மட்டும் எப்படி இழிவாகும்?

தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டம் இதற்கு வேறு பதில் தந்தது. 1990களின் தொடக்கத்தில், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டியையும் பெண்களிடம் கொண்டு சென்றது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் ஓட்டக் கற்றார்கள். கல்லுடைக்கும் பெண்கள், விவசாயக் கூலிப் பெண்கள், கிராமச் செவிலியர் எல்லாரும் அதில் அடக்கம். பிள்ளையை முன்னால் வைத்து, தண்ணீர்க் குடத்தைப் பின்னால் கட்டிக்கொண்டு, யாருடைய துணைக்கும் காத்திராமல் போனார்கள். அவர்களுக்கு அது ஏழ்மையின் அடையாளமாகத் தெரியவில்லை. விடுதலையின் அடையாளமாகத் தெரிந்தது.

ஒருவரால் ஆகாத காரியம்

இருந்தாலும் எல்லாப் பொறுப்பையும் பெற்றோர் தலையில் கட்டுவது நியாயமாகாது. கவனமாக ஓட்டுபவரையும் கவனமில்லாத கார் வீழ்த்திவிடும். அதற்குச் சாலை மாற வேண்டும்.

நெதர்லாந்து இன்று மிதிவண்டி நாடு. அது பிறவியிலேயே அப்படி இருக்கவில்லை. 1971ஆம் ஆண்டு அந்தச் சிறிய நாட்டில் சாலை விபத்துகளில் சுமார் 3,300 பேர் மாண்டனர். அவர்களில் நானூறுக்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர்கள் வீதிக்கு வந்தார்கள். 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்பதே அவர்கள் இயக்கத்தின் பெயர். 1973இல் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. அதன் பிறகுதான் தனிப்பாதைகளும் வேகக் கட்டுப்பாடும் படிப்படியாக வந்தன. அங்கே சாலையை மாற்றக் கிளம்பிய முதல் குரல் பெற்றோர் குரல்.

வேகத்தின் கணக்கு எளிது. மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் கார், ஓட்டுநர் ஆபத்தை உணர்ந்து பிரேக்கில் கால் வைக்க எடுக்கும் ஒரு விநாடியில் 14 மீட்டர் ஓடிவிடும். 30 கிலோமீட்டரில் வந்தால் 8 மீட்டர்தான். பிரேக் பிடித்த பிறகு நிற்கும் தூரமோ ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறையும். சராசரி வேகம் 5 விழுக்காடு குறைந்தாலே உயிர்ச்சேத விபத்துகள் 30 விழுக்காடு வரை குறையும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

இதற்குக் கோடிக்கணக்கில் செலவு தேவையில்லை. பள்ளியைச் சுற்றி வேகத்தடை, கால்வாய் மூடியைக் குறுக்குக் கம்பியாக மாற்றுதல், பள்ளிக்குள் பூட்டி வைக்க நிழற்கூரை, காலையில் வாசலுக்கு நூறு மீட்டர் முன்னாலேயே கார்களை நிறுத்தும் ஒழுங்கு ஆகியவை பெற்றோர் ஆசிரியர் சங்கமும் நகராண்மைக் கழகமும் பேசி முடிக்கக்கூடியவை. ஒரு தகப்பன் தனியாகக் கேட்டால் மனு கோப்பில் உறங்கும். முப்பது பெற்றோர் கையெழுத்திட்டுப் பள்ளி வழியாக மாநகர் மன்ற உறுப்பினரிடம் கொண்டு போனால் அது கோரிக்கையாகும்.

நேரமும் கனிந்திருக்கிறது. புக்கிட் சாகாரையும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நோர்த்தையும் இணைக்கும் 4 கிலோமீட்டர் விரைவு இரயில் பாதை, 2026 இறுதிக்குள் சேவையைத் தொடங்கும் இலக்கோடு கட்டப்பட்டது. ஒரு திசையில் மணிக்குப் பத்தாயிரம் பேரை ஏற்றிச் செல்லும் ஆற்றல் அதற்கு உண்டு. அத்தனை பேரும் நிலையத்துக்குக் காரில் வந்தால் நெரிசல் பாலத்திலிருந்து நகருக்குள் இடம் மாறுமே தவிரக் குறையாது. வீட்டிலிருந்து நிலையம் வரையுள்ள அந்த இரண்டு மூன்று கிலோமீட்டருக்குத்தான் மிதிவண்டிப் பாதையும் பூட்டி வைக்க இடமும் வேண்டும் என்று குரல் கொடுக்க வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது?

காரை விற்க வேண்டியதில்லை. பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துப்போகக் கார் வேண்டும். கோயில் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போகவும் கார் வேண்டும். மூன்று கிலோமீட்டருக்குள் முடியும் பயணங்களை மட்டும் ஒரு வாரம் எழுதிப் பார்க்கட்டும்: கடை, டியூஷன், திடல், பள்ளி. அவற்றில் பாதுகாப்பான உள்சாலை எதற்கு இருக்கிறதோ அதை மட்டும், வாரம் இரண்டு நாள், மிதிவண்டிக்கு மாற்றட்டும். பாதுகாப்பான வழியே இல்லை என்று தெரிந்தால் அதுவும் பயனுள்ள பதில்தான். மாநகர் மன்றத்திடம் எதைக் கேட்க வேண்டும் என்பது அப்போது தெளிவாகிவிடும்.

"பிள்ளையைப் பலிகொடுக்கப் போகிறாயா?" என்று கேட்கும் பக்கத்து வீட்டாரிடம் சண்டை வேண்டாம். அந்த மனுவில் அவருடைய கையெழுத்தையும் கேட்டு வாங்கலாம். அவருக்கும் பள்ளி போகும் பேரப்பிள்ளை இருக்கும்.